விசேஷம் ஒன்றுமில்லை

திங்கட்கிழமை காலை என்றால் எல்லோருக்கும் கசப்புதான். சின்மயிக்கு அந்தக் கசப்பு விரல்களில் தொடங்கும். கண் விழித்ததும் படுத்தபடியே கையை விரித்துப் பார்ப்பாள், விரியாது. பிறகு குளியலறை முக்காலியில் உட்கார்ந்து, மணிக்கட்டு வரை வெந்நீரில் முக்கிக்கொண்டு, விரல்கள் ஒவ்வொன்றாக மனம் இரங்கும் வரை காத்திருப்பாள். வெளியே அவள் கணவன் பிரசன்னா பால் பாக்கெட்டைக் கத்தரிப்பான், பற்பசை மூடியைக் கழற்றி வைப்பான், டிபன் டப்பாவை அழுத்தி மூடாமல் ரப்பர் பேண்டு போட்டுக் கொடுப்பான். கல்யாணமான மூன்று வருஷத்தில் அவன் கற்றுக்கொண்ட வித்தைகள் இவை. முப்பது வயதுப் பெண்ணுக்கு டப்பா மூடி ஒரு எதிரி என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

நோய்க்குப் பெயர் இல்லாமல் இல்லை. பெயரால்தான் பாதித் தொல்லை. முடக்குவாதம் என்று தமிழில் சொன்னால், நடந்து வந்து நிற்கிறவளைப் பார்த்து, எங்கே முடங்கியிருக்கிறாய் என்பது போல மேலும் கீழும் பார்ப்பார்கள். ஆர்த்ரைட்டிஸ் என்று சொன்னால், அது வயசானவர்களுக்கு வருகிறதாயிற்றே என்பார்கள். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே மூட்டுகளைத் தின்கிறது, வேலியே பயிரை மேய்கிற நோய் இது என்று விளக்கி முடிப்பதற்குள், எதிரே இருப்பவர் முடவாட்டுக்கால் சூப்புக்கு வந்திருப்பார். ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்தக் கடையில் நல்ல கிழங்கு கிடைக்கும் என்று வழியும் சொல்வார். சொல்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள். நல்லவர்களுக்கு விளக்கம் சொல்லியே அவள் ஓய்ந்து போயிருந்தாள்.

வேலை கேளம்பாக்கத்தில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில். வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு வருகிற மருத்துவ பில்களைச் சரிபார்த்து, இதைக் கொடுக்கலாம், இதைக் கொடுக்கக் கூடாது என்று தட்டுவது. கடல் தாண்டி யாருக்கோ வந்த முடக்குவாதத்துக்கு நியாயம் வழங்குகிற விரல்களால், மாலையில் தன் செருப்பு வாரைப் பூட்ட முடியாது. பிரசன்னா கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவன் சம்பளம் வாடகைக்கும் வயிற்றுக்கும் போனது. அவள் சம்பளம் மருந்துக்கும் பரிசோதனைக்கும். வேலை போனால் வைத்தியமும் போகும், வைத்தியம் போனால் கையும் காலும் போகும். இது இருவருக்கும் தெரியும் என்பதால் அதைப் பற்றி அவர்கள் பேசுவதில்லை.

அந்த வேலைதான் ஆட்டம் கண்டிருந்தது. மருத்துவர் கொடுத்திருந்தது வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டிய மாத்திரை. சனிக்கிழமை இரவு போட்டால் ஞாயிறு முழுக்கக் குமட்டும். அதன் வால் திங்கட்கிழமை வரை நீளும். ஞாயிறு ஒன்றுதான் ஆபீஸ் விடுமுறை. அதனால் திங்கட்கிழமைகளில் அவள் லீவு எடுத்தாள், தாமதமாக வந்தாள், வந்த நாட்களில் தப்பும் செய்தாள். லீவுகள் தீர்ந்து, எச்சரிக்கையும் வந்துவிட்டது. இன்னொரு முறை என்றால் மேலிடத்துக்குப் போகும் என்று மேனேஜர் ஸ்ரீரங்கன் வருத்தத்தோடுதான் சொன்னார்.

ஸ்ரீரங்கன் கெட்ட மனிதர் இல்லை. முன்பு ஒருமுறை அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை மட்டும் வீட்டிலிருந்து வேலை, மற்ற நாட்களில் கொஞ்சம் தாமதமாக வர அனுமதி, கம்பெனி வேனில் முன் சீட்டு. கேட்டது இவ்வளவுதான். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எவ்ளோ நாள்ல சரியாகும்?”

சரியாகாது, கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றாள்.

“அதான் பிரச்சினை. டெம்பரரின்னா ஏதாவது பண்ணலாம். பர்மனென்ட்னா நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க?”

கொஞ்ச நாள் வலிக்குத்தான் இரக்கம், காலத்துக்கும் வலித்தால் இல்லை என்ற கணக்கு அவளுக்குப் பிடிபடவே இல்லை. கணக்கு வாத்தியாரிடம் கேட்டாள். அவனுக்கும் பிடிபடவில்லை.

வேன் மேடவாக்கத்தில் கிளம்பி, சந்தோஷபுரம், செம்பாக்கம், தாம்பரம், வண்டலூர் என்று ஆள் ஏற்றிக்கொண்டு, கேளம்பாக்கம் சாலையில் திரும்பும். சின்மயி செம்பாக்கத்தில் ஏறும்போதே பின் வரிசைகள்தான் மிச்சமிருக்கும். படி உயரம். ஏறவே ஒரு யுத்தம் நடத்த வேண்டும். மாம்பாக்கம் பக்கத்து வேகத்தடைகள் ஒவ்வொன்றும் அவள் முழங்காலுக்குள் ஏறி இறங்கும். டிரைவர் கங்காதரன் கோவளத்துக்காரர். வண்டியைத் தோணி ஓட்டுகிற மாதிரி ஓட்டுவார், அலையைப் பற்றிக் கவலைப்படாமல்.

அப்படி ஒரு திங்கட்கிழமை ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும், நேரே பெண்கள் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தாள். நிமிர்ந்தபோது கண்ணாடியில் கீதா நின்றிருந்தாள். அந்தப் பிரிவிலேயே மூத்தவள். யாருக்கு எந்த ஊரில் கல்யாணம், யார் வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை மார்க் என்பதெல்லாம் கீதாவுக்குத் தெரியாமல் நடப்பதில்லை. அவள் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“என்னடி, விசேஷமா?”

தமிழில் கல்யாணமும் விசேஷம்தான், காதுகுத்தும் விசேஷம்தான். ஆனால் கல்யாணமான பெண்ணிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம். மூன்று வருஷமாக எல்லாப் பந்தியிலும் சின்மயி எதிர்கொண்ட கேள்வி அது. விசேஷம் ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லி, வீட்டுக்கு வந்து அழுவாள். எந்த மாத்திரை இந்த வாந்தியைக் கொண்டுவந்ததோ, அந்த மாத்திரைதான் பிள்ளைக்கும் குறுக்கே நின்றது. அது உடம்பில் இருக்கும் வரை கர்ப்பம் கூடவே கூடாது, நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நிறுத்தினால் மூட்டு வீங்கும். அந்தப் பேச்சை அவளும் பிரசன்னாவும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள்.

இதையெல்லாம் அந்தக் கழிவறையில், வாயில் கசப்போடு நின்றுகொண்டு கீதாவிடம் விளக்க அவளுக்குத் தெம்பில்லை. வெறுமனே சிரித்துவைத்தாள். அந்தச் சிரிப்பைக் கீதா வெட்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது. ஸ்ரீரங்கன் கூப்பிட்டனுப்பினார். உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார். தன் மனைவி மாசமாக இருந்தபோது பட்ட பாட்டைச் சொன்னார். முதல் குழந்தைக்கு அவள் ஐந்து மாதம் படுக்கையிலேயே கிடந்தாளாம்.

“மண்டே எல்லாம் வீட்லேர்ந்தே பண்ணுங்க. மத்த நாள் மெதுவா வாங்க. மேல நான் பேசிக்கறேன்.”

முன்பு கெஞ்சியும் கிடைக்காதது, கேட்காமலேயே கைக்கு வந்து சேர்ந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சார், அப்படியெல்லாம் இல்லை என்று வாயைத் திறந்தால் போதும். சின்மயி தன் விரல்களைப் பார்த்தாள். அவை மேஜைக்கு அடியில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. “தேங்க்ஸ் சார்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றி ஊரில் பேசுவார்கள். இவள் இல்லாத பூசணிக்காயைச் சுமந்துகொண்டு நடந்தாள். ஆனால் அந்தச் சுமையில் உடம்பு லேசானது என்பதையும் சொல்ல வேண்டும். மறுநாளே வேனில் முன் சீட்டு அவளுக்கு ஒதுங்கியது. ஏறும் இடத்தில் கங்காதரன் ஒரு பிளாஸ்டிக் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். அவர் மனைவி சரிதா மீன் விற்கிற பெட்டி. எத்தனை கழுவினாலும் வாடை போகாது என்று அவரே வெட்கப்பட்டார். படி பாதி உயரமானது. வேகத்தடை வந்தால் வண்டி தவழ்ந்தது. “உள்ள கொயந்த கீதுல்ல” என்று அவர் பின்னால் திரும்பி எல்லோருக்கும் அறிவிப்பார்.

ஆபீஸில் முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி வந்தது. யாரோ மாங்காய் கொண்டுவந்தார்கள், யாரோ நாரத்தங்காய். கனமான ஃபைலைத் தூக்க விடமாட்டார்கள். லிஃப்டில் இடம் விடுவார்கள். நடுவில் மூட்டு வீக்கத்துக்கு மருத்துவர் ஸ்டீராய்டு கொடுத்ததில் அவள் முகம் உப்பியது. கன்னம் பளபளத்தது. கீதா முகவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, களை வந்துவிட்டது, பையன்தான் என்று தீர்ப்புச் சொன்னாள். சின்மயி அதற்கும் சிரித்துவைத்தாள். நோயின் ஒவ்வொரு அடையாளத்துக்கும் அவர்கள் ஒரு சந்தோஷமான பெயர் வைத்திருந்தார்கள்.

வேலையும் சீரானது. தப்புகள் குறைந்தன. ஸ்ரீரங்கன் ஒருநாள் மேஜைப் பக்கம் வந்து, இந்த மாதம் உங்களுடையதுதான் சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இவ்வளவுதானே கேட்டேன், இதைக் கொடுத்திருந்தால் அன்றைக்கே செய்திருப்பேனே என்று நினைத்துக்கொண்டாள்.

பிரசன்னாவிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு காலை பள்ளிக்கூடம் விடுமுறை என்று அவன் அவளை பைக்கில் கொண்டுவந்து வேன் நிற்கும் இடத்தில் விட்டான். கங்காதரன் வண்டியிலிருந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார்.

“இன்னா சார், ஸ்வீட்டு எங்க? பொண்டாட்டிய நான் பூ மாதிரி இட்டுகினு போறேன், நீ கண்டுக்கவே மாட்டேன்ற?”

பிரசன்னா ஒன்றும் புரியாமல் தலையாட்டினான். சாயங்காலம் அவள் வந்ததும் கேட்டான். முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. சொல்லிவிடு என்றான். சொன்னால் திரும்பவும் பின் சீட்டு என்றாள் அவள்.

“சொல்லலன்னா எத்தன மாசம் ஓட்டுவ? பத்தாவது மாசம் கைல எதக் கொண்டுபோய்க் காட்டுவ?”

“தெரியல. இப்போதைக்குக் கால் வலிக்கல, பிரசன்னா. அத மட்டும்தான் யோசிக்கறேன்.”

இல்லாத ஒரு பிள்ளைக்கு அப்பா என்று யாரோ தன்னைக் கும்பிட்டது அவனைச் சுட்டிருக்க வேண்டும். அவள் கையை எடுத்து எண்ணெய் தடவி நீவிவிட்டான். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தாள். அடுத்த வாரம் என்று ஒவ்வொரு வாரமும் தள்ளினாள். பொய்க்குக் கால் முளைக்க அதிக நாள் ஆகாது. கீதா தானே கணக்குப் போட்டு, ஐந்தாம் மாதம் வந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். வீட்டில் ஏழாம் மாதம் செய்யட்டும், ஆபீஸில் நாம் இப்போதே வளைகாப்பு போட்டுவிடலாம் என்று யாருக்கும் தெரியாமல் ஏற்பாடு செய்தாள். யாருக்கும் என்றால் சின்மயியைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை மதியம், மீட்டிங் என்று கூப்பிட்டார்கள். போய்க் கதவைத் திறந்தால், அறைக்குள் பூவும் சந்தனமுமாக மணந்தது. நீள மேஜையில் புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம். நடுவில் ஒரு நாற்காலிக்குப் பட்டுத் துண்டு போர்த்தியிருந்தது. மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டில் கீதா தானே தேடித் தேடி வாங்கிய கண்ணாடி வளையல்கள், பச்சையும் சிவப்புமாகத் தாம்பாளத்தில் இருந்தன. சின்மயி வாசலிலேயே நின்றுவிட்டாள். பிடித்து இழுத்து உட்காரவைத்தார்கள். கன்னத்தில் சந்தனம் ஏறியது. ஸ்ரீரங்கன் ஓரமாக நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கீதா அவள் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். வலது கையை எடுத்து, விரல்களைக் குவித்து, கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கினாள். வளையல் போட எல்லோரும் செய்கிற காரியம்தான். கையைக் குவித்து, கணுவில் அழுத்தி, சட்டென்று ஏற்றிவிட வேண்டும். சின்மயியின் கை குவியவில்லை. கணுக்கள் அன்றைக்கு நெல்லிக்காய் நெல்லிக்காயாக வீங்கியிருந்தன. வளையல் அங்கே வந்து நின்றது. இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே கீதா அழுத்தினாள். வலி தோள் வரைக்கும் ஏறி, கண் இருட்டியது. சின்மயி கையைப் பிடுங்கினாள். வளையல் மேஜை விளிம்பில் பட்டு உடைந்து விழுந்தது.

வளைகாப்பில் வளையல் உடைவது எதற்கு அடையாளம் என்று அங்கே யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒருத்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கீதா மட்டும் அந்த வீங்கிய கையைத் தன் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இப்டி வீங்கியிருக்கே. பிரஷர் பாத்தியாடி? குழந்தைக்கு ஆகாதுடி.”

“குழந்தை இல்லக்கா.”

அவ்வளவுதான் அவளால் சொல்ல முடிந்தது. அவள் சொன்னது ஒன்று, அவர்கள் கேட்டது ஒன்று. கீதாவின் முகம் இடிந்து போயிற்று. ஐயோ என்று அவளைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சுற்றி நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். யாரோ அவசர அவசரமாகத் தாம்பாளத்தைத் துணி போட்டு மூடினார்கள். ஸ்ரீரங்கன் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சின்மயியையும் கீதாவையும் தன் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார்.

எப்போது கலைந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்கிற நாகரிகம் அவருக்கு இருந்தது. இரண்டு வாரம் வீட்டில் இருங்கள், லீவு நான் பார்த்துக்கொள்கிறேன், யாரும் உங்களை ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றார். தன் மனைவிக்கும் ஒருமுறை அப்படி ஆகியிருக்கிறது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

சின்மயி தலையசைத்தால் போதும். இரண்டு வாரம் வெந்நீர், எண்ணெய், தூக்கம். இல்லாத பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே சீட்டு வாங்கிக் கொடுத்தது; இப்போது செத்து லீவும் வாங்கிக் கொடுக்கிறது. முடக்குவாதத்துக்கு மட்டும் இத்தனை நாளில் ஒரு மீன் பெட்டிகூடக் கிடைக்கவில்லை. பக்கத்தில் கீதா இன்னும் விசும்பிக்கொண்டிருந்தாள். உண்மையான கண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டு அந்த லீவை வாங்க சின்மயியால் முடியவில்லை. அது ஒன்றும் பெரிய நேர்மை இல்லை. பொய்யைச் சுமக்கவும் தெம்பு வேண்டும், அது தீர்ந்துபோயிருந்தது.

“கலையல சார். இருந்ததே இல்ல. அன்னிக்கு உங்ககிட்ட சொன்னேனே, அந்த நோய்தான். வாந்தி மாத்திரையால வந்தது. முகம் ஸ்டீராய்டுல உப்பினது. நான் யார்கிட்டயும் கர்ப்பம்னு சொல்லல. இல்லன்னும் சொல்லல. தப்புதான்.”

கீதாவின் விசும்பல் நின்றது. அவள் எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள்.

ஸ்ரீரங்கன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கர்ப்பம் என்று சொல்லித்தான் மேலிடத்தில் திங்கட்கிழமையை வாங்கினேன், இப்போது அதை எப்படித் தொடர்வது என்று களைப்போடு கேட்டார். இந்த இரண்டு மாத வேலையைப் பாருங்கள் சார், இந்த நோயையே சொல்லி வாங்குங்கள் என்றாள் அவள். எப்போது முடியும் என்று கேட்பார்களே என்றார் அவர். பேச்சு பழைய இடத்துக்கே வந்து நின்றது. திங்கட்கிழமை ஆபீஸுக்கு வரச் சொன்னார். மேலே இதைப் பற்றி எதுவும் எழுதாமல் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அவரால் முடிந்த உதவி அது. அவள் கதவைத் திறக்கும்போது, ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“உண்மையிலேயே விசேஷம்னா சொல்லுங்க, சின்மயி. அப்ப கண்டிப்பா பாத்துக்கலாம்.”

நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. அதனால்தான் அது அப்படி வெட்டியது. அவள் சரி சார் என்று சொல்லிவிட்டு இடத்துக்கு வந்தாள். சாய்மான நாற்காலி அங்கே இல்லை. மேஜை டிராயரில் பாதி கடித்த மாங்காய் மட்டும் உலர்ந்து கிடந்தது. மாலையில் அவள் வேனில் போகவில்லை. பஸ் பிடித்து நின்றுகொண்டே வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை அவளிடம் யாரும் பேசவில்லை. கழிவறையில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. அன்றும் போக வரப் பஸ்தான்.

சனிக்கிழமை இரவு, இந்த வாரம் மாத்திரையைப் போடாதே, திங்கட்கிழமையாவது ஒழுங்காகப் போகலாம் என்று பிரசன்னா சொல்லிப் பார்த்தான். ஒரு வாரம் விட்டால் அடுத்த மாதம் நோய் வட்டியோடு வசூலித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். போட்டுக்கொண்டாள். ஞாயிறு முழுக்கக் குமட்டலோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வேலையை விட்டுவிடு என்று அவன் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்பதால் சொல்லவில்லை என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

திங்கட்கிழமை பஸ்ஸில் நிற்கக் கால் இடம் கொடுக்காது. வேன் நிற்கும் இடத்துக்கு அவளை பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, பிரசன்னா பள்ளிக்கு ஓடினான். வேன் வந்தது. மீன் பெட்டி வெளியே வரவில்லை. முன் சீட்டில் கீதா உட்கார்ந்திருந்தாள். அவள் சந்தோஷபுரத்திலேயே ஏறிவிடுகிறவள். மனம்போல எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். முகத்தை நேரே வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள். கங்காதரன் ஸ்டியரிங்கைப் பார்த்தார். சின்மயி பின் கதவை நோக்கி நடந்தாள். எல்லாம் தெரிந்த வழிதான். கம்பியைப் பிடித்தாள், பிடி நிற்கவில்லை. இன்னொரு கையால் பிடித்தாள். காலைப் படியில் வைத்து எம்பினாள். முழங்கால் மறுத்துவிட்டது. வண்டிக்குள்ளிருந்து எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பார்க்காத மாதிரி.

முன் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. கீதா இறங்கி வந்தாள். சின்மயியின் முகத்தைப் பார்க்காமலே, அவள் தோள் பையை வாங்கி முன் சீட்டில் போட்டாள்.

“அண்ணா, அந்தப் பெட்டிய எடுத்து வைங்க.”

கங்காதரன் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். இதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது. சின்மயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கீதா கை காட்டி நிறுத்தினாள்.

“எனக்குக் கோவம் போகல. ஊர் பூரா நான்தான் சொல்லிவெச்சேன். என் மூஞ்சியில கரியப் பூசிட்ட. அது வேற. ஏறு.”

சொல்லிவிட்டுப் பின் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். சின்மயி மீன் பெட்டியின் மேல் கால் வைத்து ஏறினாள். வாடை குப்பென்று அடித்து, குமட்டலைக் கிளப்பியது. சீட் பெல்ட்டின் கொக்கியை அழுத்த விரல் வரவில்லை. கங்காதரன் எட்டி, அதைப் பூட்டிவிட்டு வண்டியை எடுத்தார். தாம்பரத்தில் ஆள் ஏறினார்கள். ஏறியவர்கள் முன் சீட்டைப் பார்த்தார்கள், பின்னால் கீதாவைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தார்கள். வண்டலூரில் உயிரியல் பூங்கா தாண்டி வேன் திரும்பியது. அப்புறம்தான் பின்னாலிருந்து கீதாவின் குரல் வந்தது. குரலில் இன்னும் கடுகடுப்பு இருந்தது.

“இது எப்ப சரியாகும்?”

எல்லோரும் கேட்கிற கேள்வி. இதற்கான பதிலைச் சொன்னதும் எதிரே இருப்பவர்களின் முகம் எப்படி மூடிக்கொள்ளும் என்று சின்மயிக்கு மனப்பாடம். கழுத்தும் பிடித்திருந்ததால் அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“சரியாகாதுக்கா.”

“ஆகவே ஆகாதா?”

“ஆகாது.”

பார்க்காமலேயே அந்த முகம் மூடிக்கொண்டிருக்கும் என்று சின்மயி நினைத்தாள்.

“அப்ப டெய்லி நீயே அங்க உக்காந்துக்கோ,” என்றாள் கீதா. “சரியாகறதா இருந்தா, சரியானதும் எழுந்திருன்னு சொல்லலாம். ஆகாதுன்னா, அப்புறம் அது உன் சீட்டுதானே. இதுல கேக்க என்ன இருக்கு.”

சின்மயிக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்க வலித்தது. அதனால் துடைக்காமலே விட்டுவிட்டாள். மாம்பாக்கம் வந்தது. கங்காதரன் ஒன்றும் பேசாமல், வேகத்தடைக்கு வெகு முன்னாலேயே பிரேக்கில் கால் வைத்து, வண்டியைத் தவழவிட்டார்.